உடைந்த உருண்டை யாருக்கு

ஜூன் 10

அன்புத் தங்கைக்கு,

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு, அவரவர் அம்மாவுக்காக அடுப்பில்லாமல் ஒரு பண்டம் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் செய்திருக்கிறாள். நீ சாப்பிட்டிருக்கிறாய்.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். நான் சுகம். முழங்கால் வலி மட்டும் என்னோடு கூட்டு சேர்ந்து ஜாடி, டப்பாக் கடை நடத்துகிறது. உன் முதுகு எப்படி? தையல் மெஷினுக்கு முன்னால் கூன் போட்டு உட்காராதே என்று எத்தனை முறை சொல்வது. உன் வீட்டுக்காரர் சுகம்தானே.

விஷயம் நேற்றுப் போனில்தான் தெரிந்தது. உன் வீட்டிலிருந்து மூடிதான் சொன்னாள். (டப்பா மூடிகளை வைத்து விளையாடிய பிள்ளைக்கு நாம் வைத்த பெயரை இனி பள்ளிக்கூட வாசலில் வைத்துக் கூப்பிடக் கூடாதாம். உத்தரவு.) “சித்தி மூணு உருண்டை சாப்பிட்டாங்கம்மா” என்றாள். அப்படியா, நல்லது என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகு வந்த ஆளிடம் ஜாடி விலையைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்.

போனிலேயே உன்னைக் கேட்டிருப்பேன். நீ போனை எடுத்தால் அவள் உன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு ஒட்டுக் கேட்கிறாள். அதனால்தான் எழுத்து. என் கடைச் சரக்கு வேன் உங்கள் தெரு வழியாகப் போகிறது. டிரைவரிடம் கொடுத்தால் ஒரு ராத்திரியில் உன் கைக்கு வந்துவிடும்.

அந்த உருண்டையில் என்னென்ன போட்டாள், எப்படி இருந்தது என்று எழுது. எனக்கு இனிப்பு ஆசை கிடையாது, உனக்கே தெரியும். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது, கேட்டதற்குச் சந்தோஷம். மூடிக்குச் சளி விட்டது. கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. அதை நாக்கால் தள்ளுவதே முழுநேர வேலை. உன் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை கடைதான் பெரிதா?

உருண்டை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிஸ்கட்டை ஒரு பையில் போட்டு, மேலே கண்ணாடி பாட்டிலை உருட்டி நொறுக்கினாள். வெண்ணெய், பால் பவுடர், கொஞ்சம் கோகோ. பிசைந்து உருட்டிச் சர்க்கரையில் புரட்டினாள். என் சமையலறை முழுக்கப் பொடி. நான் தைக்க மடித்து வைத்திருந்த திரைச்சீலைத் துணியில் கோகோ கைரேகை ஒன்று இருக்கிறது. அதைத் துவைக்கவில்லை.

ஆமாம், சாப்பிட்டேன். பிள்ளை கொடுத்தால் சாப்பிடத்தானே வேண்டும். ருசியாகத்தான் இருந்தது.

வேளைக்குச் சாப்பிடு.
உன் தங்கை


ஜூன் 27

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன், வலி பக்கத்துக் காலுக்கு மாறியது.

ஒரு கணக்கு எனக்குப் புரியவில்லை. செய்தது அம்மாவுக்காக. அம்மா நான். உருண்டைகளில் ஒன்றை வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லையா? அவன் தன் வீட்டுச் சாப்பாட்டையே சிந்தாமல் கொண்டு வருகிறவன். நான் குற்றம் சொல்லவில்லை. வியாபாரம் செய்கிறவள், சரக்கு எங்கே போனது என்று கேட்பது பழக்கமாகிவிட்டது.

இத்துடன் மூடிக்குக் கலர் பென்சில் பெட்டி அனுப்பியிருக்கிறேன். கடையில் இருந்ததிலேயே பெரியது. யார் கொடுத்தது என்று மறக்காமல் சொல்லு. உனக்கு ஐந்தாறு தகர டப்பா. எல்லாம் நசுங்கினதுதான், கோபித்துக்கொள்ளாதே. நல்லது கடைக்கு, நசுங்கினது வீட்டுக்கு. அவள் அப்பா இருந்த காலத்திலிருந்து என் வீட்டில் நாங்கள் தண்ணீர் குடித்தது விளிம்பு உடைந்த கப்பில்தான். அப்படி இருந்ததால்தான் இன்றைக்கு நாலு பேர் என் கடைக்கு வருகிறார்கள்.

இன்னொரு தடவை செய்தால் எழுது.

நலம் நாடும்
அக்கா


ஜூலை 21

அக்காவுக்கு,

தாமதமாகிவிட்டது. ஒரு ஹோட்டலுக்குத் தலையணை உறை தைக்கிறேன், கண்ணே தெரியவில்லை. மற்றபடி சுகம். ஆடின பல் விழுந்துவிட்டது. அதை உனக்கு அனுப்ப வேண்டும் என்று டப்பாவில் போட்டு வைத்தாள், பிறகு எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை.

பென்சில் கொடுத்தேன். யார் கொடுத்தது என்றும் சொன்னேன்.

மறுபடி செய்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. ரொட்டியின் ஓரத்தை வெட்டி, ஜாம் தடவிச் சுருட்டிக் கொடுத்தாள். வாழைப்பழத்தில் குச்சி சொருகிச் சாக்லேட்டில் முக்கிக் குளிர்பெட்டியில் வைத்தாள். ஆனால் உருண்டையைத்தான் விடமாட்டேன் என்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுப் பாட்டிலை எடுக்கிறாள். எல்லாம் எனக்குத்தான். பாவாடையெல்லாம் மாவாகி, தட்டை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

ஒருநாள் துணி வாங்க வந்த பெண்கள் பார்த்துவிட்டு, பெற்றால் இப்படிப் பிள்ளையைப் பெற வேண்டும், அம்மாவுக்கு என்ன கவனிப்பு என்று என்னிடம் சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

காலைக் கவனி.
உன் தங்கை


ஜூலை 28

தங்கைக்கு,

நலம். நலம் இல்லை என்றாலும் எழுதப் போவதில்லை.

அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா? இவள் என் அக்கா மகள் என்று சொன்னால் நூல் அறுந்துவிடுமா? நான் ஊரை விட்டு ஊர் வந்து, குடோனில் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தது எதற்கு? பிள்ளை படுக்க இடமில்லாததால்தானே உன்னிடம் விட்டேன். விட்டேன், கொடுக்கவில்லை.

ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு வயிற்றெரிச்சல். மளிகைக் கடை வரிசையில் நின்று வெண்ணெய் வாங்கி வந்து, பிஸ்கட்டை நொறுக்கி நானே அந்த உருண்டையைச் செய்து பார்த்தேன். வாயில் வைத்தால் மண். நீ ருசி என்று எழுதியது எப்படி என்று யோசித்தேன், யோசித்தது வலித்தது.

இப்போது கடைக்கு மேலே ஓர் அறை எடுத்திருக்கிறேன். ஜன்னல் தெருவைப் பார்த்தது. நீலம் அடிக்கச் சொல்லியாயிற்று, அவளுக்குப் பிடித்த நிறம் அதுதானே? அரையாண்டு விடுமுறையில் வந்து கூட்டிப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் அவள் மாற்றுச் சான்றிதழைக் கேட்டு வை.

உன் வீட்டுக்காரரையும் விசாரித்ததாகச் சொல்.
அக்கா


ஆகஸ்ட் 25

தங்கைக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். மூன்று முறை வேன் வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டது. டிரைவரைக் கேட்டால், “சின்னம்மா கதவைத் திறந்தாங்க, ஒண்ணும் இல்லைன்னாங்க” என்கிறான். போனிலும் மூடியே எடுக்கிறாள். சித்தி தைக்கிறாள் என்கிறாள். எந்நேரமும் தைத்தால் ஊரில் ஜன்னல் மிஞ்சுமா?

அவளுக்குப் பிடித்த நிறம் நீலம்தானா என்று மட்டுமாவது எழுது. பெயிண்டர் நிற்கிறான்.

அக்கா


செப்டம்பர் 3

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தாங்களும் தங்கள் கடையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

உங்கள் மகள். உங்கள் வீடு. சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீலம் போன வருஷம். இப்போது மஞ்சள்.

வேனில் ஒரு பார்சல் வருகிறது. அதைச் செய்தது, கட்டியது, மேலே முகவரி எழுதியது எல்லாம் அவள்தான். என் கை படவில்லை.

தங்கள் தங்கை


செப்டம்பர் 9

தங்கைக்கு,

என்னை நீங்கள் என்று எழுதினால் நான் வயதான கிழவி மாதிரி இருக்கிறேன். அதை நிறுத்து. சுகமா? நான் சுகம், உண்மையாகவே.

பார்சல் வந்தது. கடையை மூடவில்லை, ஆனால் கல்லாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிரித்தேன். என் தொழிலில் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. பக்கத்துப் பெட்டிக்கடை ஆள் எட்டிப் பார்த்தான். ஒன்று எடுத்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், அவன் எனக்கு யார்?

ருசியைச் சொல்லி முடியாது. அதனால் சரக்கைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாம் ஒரே அளவு, அச்சில் வார்த்த மாதிரி. ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையில் வெண்ணெய்க் காகிதம். அடியில் பஞ்சு. ஒரு ராத்திரி முழுக்கக் குலுங்கி வந்தும் ஒன்றில்கூட விரிசல் இல்லை. டப்பாவும் நான் அனுப்பின நசுங்கல் இல்லை, புதுசு. அதுவும் என் எதிர்க்கடைக்காரன் விற்கிற கம்பெனிச் சரக்கு. அதை மட்டும் மன்னிக்க நாளாகும்.

நான் கை பார்த்தே சரக்கு எடுக்கிறவள். விளையாட்டாக உருட்டின கை இப்படி உருட்டாது. நான் செய்தது மண்ணாக உதிர்ந்ததே, இவள் எப்படி நிற்க வைத்தாள்? இந்த டப்பாவுக்காக எவ்வளவு நாள் உருட்டினாள்? நீ எதையோ எழுதாமல் விட்டிருக்கிறாய். பாம்பின் கால் பாம்பறியும். கோபப்படவில்லை, நேராகக் கேட்கிறேன். சொல்.

மஞ்சள் அடிக்கச் சொல்லிவிட்டேன்.
அக்கா


செப்டம்பர் 20

அக்கா,

சுகம். நீயும் சுகமாயிரு. எழுத உட்கார்ந்து எழுந்து எழுதுகிறேன்.

முதல் நாள் அவள் செய்ததே உனக்குத்தான். தட்டோடு வந்தாள். “சித்தி, இது அம்மாவுக்கு. வேன்ல போனா உடையுமா?” என்று கேட்டாள். உடையாது என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்றேன். உடனே டப்பாவில் போட்டு அடைத்து, நீ தண்ணீர் ஊற்றி ஜாடியை ஆட்டிப் பார்ப்பாயே, அதே மாதிரி தலைக்கு மேலே ஆட்டினாள். மாடிப்படியில் ஏறி இறங்கி ஆட்டினாள். திறந்தால் மூன்று உருண்டையும் பொடி. “இது அனுப்பற சரக்கு இல்லை, நீங்க சாப்பிடுங்க” என்று என்னிடம் நீட்டினாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். வெண்ணெய் கூடினால் உருகியது, குறைந்தால் உதிர்ந்தது. ரொட்டிச் சுருளும் வாழைப்பழமும் பயணம் தாங்காது என்று அவளே தள்ளிவிட்டாள். உருகினது, உதிர்ந்தது, தட்டையானது எல்லாம் என் தட்டுக்கு. எனக்கு முழு உருண்டை ஒன்று கிடைத்ததே இல்லை. நீ செய்தது மண் என்று எழுதினாயே, ஆரம்பத்தில் நான் தின்றதும் அதே மண்தான்.

உனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மனசு வரவில்லை. இந்த வீட்டில் அம்மா என்று கூப்பிட ஆள் இல்லை, அது உனக்குத் தெரியாததில்லை. தட்டை நீட்டும்போது அது எனக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பெண்கள் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு துண்டையும் மெல்லும்போது, முழுசு உனக்குப் போகப்போகிறது என்று தெரியும். நீ பக்கத்தில் இல்லாமலே முழுசும் உனக்கு. வயிறு உனக்கு மட்டும்தான் எரியும் என்று நினைத்தாயா?

ஒன்றும் உடையாமல் நின்ற அன்றைக்கு அவள் குதித்தாள். அன்றைக்கு என் தட்டில் ஒன்றும் இல்லை.

உன் தங்கை


அக்டோபர் 1

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமாயிருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று முதலில் கேள்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கால் தரையில் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நேரே எழுதுகிறேன், உன் பாடு நினைவுக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். அந்தச் சந்தோஷத்தில் மூடிக்குப் போன் போட்டேன். இவ்வளவு பாடு வேண்டாம், அடுத்த தடவை உடைந்தாலும் பரவாயில்லை, உடைந்ததையே எனக்கு அனுப்பு என்றேன். பெருந்தன்மை காட்டுகிறேன் என்று நினைப்பு.

“ஐயே, உடைஞ்சதை எப்படிம்மா வெளியே அனுப்புறது?” என்றாள்.

“வெளியேவா?”

“நீதானேம்மா சொல்லுவே. நல்லது வெளியே போகணும், உடைஞ்சது நம்ம வீட்டுக்குள்ள. சித்தி வீட்டு ஆளு, அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

புது டப்பா ஏன் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. வெளி ஆளுக்கு நசுங்கின டப்பாவில் சரக்கு அனுப்பலாமா? நான் வளர்த்த பிள்ளை எப்படி அனுப்புவாள்? நல்ல டப்பா, நல்ல காகிதம், கொஞ்சம் பயம். வாங்குகிறவள் திருப்பி அனுப்பிவிடுவாளோ என்ற பயம். நான் என் பெரிய வாடிக்கையாளருக்கு அனுப்புகிற மாதிரியே என் மகள் எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

வீட்டு ஆள் நீ. ஆரம்பத்தில் இருந்த எரிச்சல் இப்போது இரண்டு பங்கு. அன்றைக்கு உருண்டை கிடைக்கவில்லை என்று எரிந்தது. இன்றைக்கு உடைந்தது கிடைக்கவில்லை என்று எரிகிறது. இதற்கு மருந்துக் கடையில் ஒன்றும் இல்லை.

எழுது. சீக்கிரம் எழுது.
அக்கா


அக்டோபர் 12

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று முதலில் கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்கப் போவதில்லை. ஒருதரம் மறைத்ததே போதும். அடுப்படியில் நின்று இரண்டாம் முறை படித்தபோது சந்தோஷம் போய்விட்டது. நீ கல்லாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததுதான் கண்ணில் நின்றது.

மஞ்சள் அறைக்குத் திரைச்சீலை தைத்துவிட்டேன். கோகோ கைரேகை இருக்கிறதே, அந்தத் துணியில்தான். அங்கே மாட்டுவதா, இங்கே வைத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. சான்றிதழ் தயாராக இருக்கிறது. இன்னும் வாங்கவில்லை.

இனி பார்சல் வேண்டாம். வேனில் டிரைவர் பக்கத்து இருக்கை காலியாகத்தான் வருகிறது. நீ வா. உருட்டும்போது பக்கத்தில் இரு. வீட்டு ஆள் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை அக்கா, அடுப்படியில் நின்றால் ஆகிவிடும்.

முழங்காலுக்கு இருக்கையில் ஒரு தலையணை போட்டுக்கொள்.
உன் தங்கை


நவம்பர் 4

அன்புத் தங்கைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் தலையணையைத் திருப்பித் தரமாட்டேன். உன் வீட்டுக்காரருக்கு என் நன்றியைச் சொல். நான் இருந்த வரைக்கும் மனுஷர் வாசலிலேயே பேப்பர் படித்தார்.

பேசினதை எழுதி வைத்துவிட்டால் பிறகு தகராறு இல்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. அன்றைக்கு உன் அடுப்படியில் நாம் மூன்று பேரும் உருட்டிக்கொண்டிருந்தபோது ஒன்றுகூட உடையவில்லை, கவனித்தாயா? அவள் கை அவ்வளவு தேர்ந்துவிட்டது. நான் வந்ததே உடைந்தது தின்பதற்குத்தான். பொறுத்துப் பார்த்தேன். நீ கை கழுவத் திரும்பினபோது தட்டிலிருந்த ஒன்றைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டேன். மூடி பார்த்துவிட்டாள்.

“ஏம்மா வேணும்னே உடைக்கிறே?”

“தெரியாம பட்டுடுச்சு.”

“பொய். வேணும்னு உடைச்சது செல்லாது.”

நீ திரும்பிப் பார்த்தாய், உன் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அப்புறம் அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கடையில் ஆளின் முகத்தைப் பார்த்து நான் விலை சொல்வேனே, அதே பார்வை. பிறகு அந்த அமுங்கின உருண்டையை எடுத்துப் பிட்டாள். ஒரு துண்டு பெரிதாக வந்தது, ஒன்று சின்னதாக. பெரியதை உன் வாயில் வைத்தாள். சின்னதை என் வாயில் வைத்தாள், விரலோடு.

பேரம் பேச எனக்குத் தெரியும். வாயில் அது இருந்தபோது பேச முடியவில்லை.

இனி ஒப்பந்தம். மூடியின் படிப்பு உன் வீட்டில். சான்றிதழ் பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும். விடுமுறை முழுக்க மஞ்சள் அறையில், என்னோடு. கைரேகைத் திரைச்சீலை அங்கே தொங்கும், அதை யாரும் துவைக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு முறை நான் வேனில் வருவேன், கடை நின்றாலும் வருவேன். எனக்குப் பார்சல் கிடையாது. முழு உருண்டைகள் அக்கம்பக்கத்துக்கு. யாராவது அம்மாவுக்கு என்ன கவனிப்பு என்று சொன்னால், நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நூலைக் கோத்துக்கொண்டிரு.

உடைந்தது வீட்டுக்கு. அதில் பெரிய துண்டு உனக்கு, சின்னது எனக்கு. சம்மதம்.

அக்கா